ஒத்த எழுத்து

இல்ல தாயி, இடம் பிடிக்காம நிக்கல. நீ பையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, "வாங்கம்மா, உக்காருங்க"ன்னு சொன்ன பாரு, அதுலதான் அப்படியே நின்னுட்டேன். தப்பா நினைச்சுக்காத. நல்லா வளத்திருக்காய்ங்க உன்னைய. நீ யாரோ, நான் யாரோ. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஏறுன ஒரு வயசான பொம்பள. ஆரப்பாளையத்துல இறங்குனா இந்த மூஞ்சிய மறுபடி நீ பாக்கப் போறதில்ல. ஆனாலும் வாங்கன்னு ஒரு வார்த்தை தானா வந்துச்சு பாத்தியா உன் வாயில.

என் கூடப் பிறந்தவளுக்கு வரலையே.

சொர்ணம்னு பேரு. நாங்க ரெண்டே பேருதான், வேற அண்ணன் தம்பி கிடையாது. எங்க அம்மா சாகும்போது அவ பாவாடையத் தூக்கிச் செருகத் தெரியாத பிள்ளை. நான்தான் குளிப்பாட்டி, முதுகு தேச்சு, பேன் பாத்து, சடை போட்டு ஆளாக்குனேன். பெருமைக்குச் சொல்லல. ஊரே சொல்லும். அவ கல்யாணத்துக்கு நான் ஓடுன ஓட்டத்துல என் கால் முட்டி போச்சு, இன்னைக்கு வரைக்கும் மடக்க முடியல. கொஞ்சம் உன் கால அங்கிட்டு நகத்துறியா? ஆங், போதும்.

அவ இந்தத் திண்டுக்கல்லுல வீடு கட்டிப் பால் காய்ச்சுனா. ஏழெட்டு வருசம் இருக்கும், தை மாசம். நான் பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி வாங்கிட்டுப் போனேன். அம்மா இல்லாத வீட்டுல அக்காதானே பிறந்த வீட்டுச் சீர் செய்யணும்? ஒரு விளக்க இந்தக் கையில, ஒரு விளக்க அந்தக் கையில பிடிச்சுக்கிட்டு, இந்த முட்டிய வச்சுக்கிட்டு, பந்தலுக்குள்ள போறேன். வாசல்ல நிக்கிறா. அந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி அரக்குப் பட்டு எடுத்திருந்தாய்ங்க. சந்தனத் தட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. என்னைய ஒரு பார்வை பாத்தா. பாத்துட்டு அப்படியே முதுகக் காட்டித் திரும்பி உள்ள போயிட்டா.

வான்னு கேக்கல.

ஏன், நீ என்ன சாதாரணமாத் தலையாட்டுற? வாங்கன்னு கேக்காத வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கலாமா? சோறு போடாட்டிப் போகுது, ஓரமா உக்காந்துட்டு வந்துரலாம். வான்னு கேக்காத வீட்டுல எதை நம்பிக் காலை எடுத்து வைக்கிறது? அவ புருசன் கதிரேசன் ஓடி வந்து "வாங்க மதினி, வாங்க"ன்னான். அவன் எப்பவும் அப்படித்தான், அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா அவன் சொன்னா ஆச்சா? என் தங்கச்சி சொல்லணும்ல? விளக்கு ரெண்டையும் வாசப்படியில வச்சேன். திரும்பி வந்துட்டேன்.

எங்க வீட்டு மனுசன் இருக்காரே, அவரு பந்தியில உக்காந்து ரெண்டு தடவை பாயாசம் வாங்கிக் குடிச்சிட்டுத்தான் வந்தாரு. கேட்டா, "எழுத்துக்கூட்டிப் பாத்தா ஒத்த எழுத்துடி அது. ஒத்த எழுத்துக்காகவா கூடப் பிறந்தவள விடுவ?"ங்கிறாரு. ஆமாய்யா, ஒத்த எழுத்துதான். அந்த ஒத்த எழுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வலிச்சிருச்சான்னு கேட்டேன்.

அதோட சரி. போக்குவரத்து இல்ல, போன் இல்ல.

அப்ப அவளுக்கு உடம்பு சரியில்லன்னு பேச்சு வந்துச்சுதான். வீடு கட்டுன அலைச்சல்ல சோறு இறங்கல, தூக்கம் வரலன்னாய்ங்க. நான் யாருக்குத்தான் அலைச்சல் இல்லன்னு விட்டுட்டேன். மாசியில ஆஸ்பத்திரியில சேத்திருக்காய்ங்கன்னு காதுல விழுந்துச்சு. என்னான்னு கேட்டா தைராய்டுன்னாய்ங்க. அப்புறம் பல வருசம் கழிச்சுத்தான் தெரியுது, தைராய்டும் இல்ல ஒண்ணும் இல்ல, மனசுல வந்த நோயின்னு. சுவத்தப் பாத்துப் படுத்தவ படுத்தவதானாம். பேச்சு கிடையாது, சாப்பாடு கிடையாது. செத்துப் போயிரணும்னு ரெண்டு தடவை கிளம்பியிருக்கா பாவி. மருந்து மாத்திரை கேக்காமப் போயி, மயக்க ஊசி போட்டுத் தலைக்குக் கரண்டு வச்சாய்ங்களாம். ஆனா அதுலதான் பொழைச்சா, பொய் சொல்லக் கூடாது. எந்திரிச்சு உலை வைக்க ஆரம்பிச்சுட்டா.

நான் பாக்கப் போகலதான். எப்படிப் போறது? வான்னு கேக்காதவ வீட்டுக்கு? சொல்லு.

ஆனா ஒண்ணு தாயி, நானும் ஒண்ணும் சந்தோசமா இல்ல. படுத்துக் கண்ண மூடுனா அந்த வாசல்தான். வீட்டுல மாவு அரைச்சு விக்கிறேன், கிரைண்டர் ஓடுற சத்தத்துல கூட அந்தப் பந்தல் மேளம்தான் கேக்கும். ஒரு நாள் விடாம அத நினைச்சிருக்கேன். நினைக்க நினைக்க எனக்குத் துல்லியமா ஆயிருச்சு பாத்துக்க. முதல்ல அவ முதுகு மட்டுந்தான் ஞாபகம் இருந்துச்சு. போகப் போக, திரும்புறதுக்கு முன்னாடி உதட்டச் சுழிச்சது ஞாபகம் வந்துச்சு. அப்புறம், "இவ ஒருத்தி"ன்னு முணுமுணுத்தது. போன வருசம்தான் அது ஞாபகம் வந்துச்சு. என் மூளைக்கு ஒரு கேடும் இல்ல. எல்லாம் கல்லுல வெட்டுன மாதிரி இருக்கு.

இந்தச் சித்திரையில எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். சாப்பிட்டுக் கை கழுவுறேன், பின்னாடி இருந்து ஒருத்தி வந்து இடுப்பக் கட்டிக்கிட்டா. திரும்புனா சொர்ணம். உடம்பு போட்டு, நிறம் வந்து, சிரிச்ச முகமா நிக்கிறா. எனக்குச் சின்ன வயசுல அவள இடுப்புல தூக்கித் திரிஞ்சது நெஞ்சுக்குள்ள வந்துருச்சு. அழுதுருப்பேன். அதுக்குள்ள அவ கேக்குறா, "ஏன்க்கா என்னைய மறந்துட்ட? நான் வீடு கட்டிப் பால் காய்ச்சுனதுக்குக் கூட நீ வரலையேக்கா?"

எப்படி இருக்கும் எனக்கு? நீ சொல்லு, எப்படி இருக்கும்? நான் வரலையாம்! விளக்கத் தூக்கிக்கிட்டு முட்டி தேய வந்தவ நான். வான்னு கேக்காம விரட்டுனவ இவ. இப்ப இவ கட்டிப் பிடிச்சுக் கேக்குறா, நான் மறந்துட்டேனாம்.

கதிரேசன் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொன்னான். "மதினி, அவளுக்கு அந்த வருசமே அழிஞ்சு போச்சு. அந்த நோய்லயே பாதி மங்கிப் போச்சாம், வைத்தியத்துல மிச்சமும் போச்சாம். நீங்க வந்துட்டுப் போங்க, பழைய கதையெல்லாம் பேசுங்க, உங்க மேல உசிரா இருக்கா. டாக்டரும் அதத்தான் சொல்றாரு. ஆனா நல்லதா பாத்துப் பேசுங்க. அந்த வருசத்தப் பத்தி யாரு என்ன சொன்னாலும் அப்படியே நம்பிருவா." அவன் நிறையச் சொன்னான், அந்த மேளச் சத்தத்துல எனக்கு எல்லாம் விழல. பழைய கதையப் பேசுங்கன்னது விழுந்துச்சு.

சரின்னு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போக ஆரம்பிச்சேன். அவன் பெயிண்டுக் கடையத் தொறக்கப் போயிருவான், பகலெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான். நல்லாத்தான் இருந்துச்சு. நல்லாயில்லன்னு எப்படிச் சொல்லுவேன்? என்னையச் சீயம் சுடச் சொல்லுவா, நான் சுடச் சுட உக்காந்து திம்பா. என் மடியில தலைய வச்சுப் படுத்துக்குவா, இந்த வயசுல.

ஆனா அந்த நடுவீட்டுல பாரு, என் விளக்கு ரெண்டும் நிக்குது. "இது யாரு குடுத்ததுன்னே தெரியலக்கா, நல்ல கனம்"ங்கிறா. எம்புட்டு நேரம் நான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பேன்? சொன்னேன். நடந்தது நடந்தபடி சொன்னேன். அரக்குப் பட்டு, சந்தனத் தட்டு, உதட்டச் சுழிச்சது, முதுகக் காட்டுனது, எல்லாம்.

திருதிருன்னு முழிக்கிறா. "நானாக்கா? உன்னையவா?"ங்கிறா. கண்ணுல தண்ணி கட்டிக்கிருச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. அப்படிச் செஞ்சிருந்தா மன்னிச்சிருக்கா"ன்னா.

செஞ்சிருந்தா! கேட்டியா தாயி அந்த வார்த்தைய? செஞ்சிருந்தாவாம். அப்ப செய்யாமயும் இருந்திருக்கலாம், இந்தக் கிழவி கதை கட்டுறான்னுதானே அர்த்தம்? இத்தனை வருசம் நான் வெந்தது ஒரு "ருந்தா"வுக்குத்தானா? எனக்கு அந்த வாலு வேணாம். "செஞ்சேன்க்கா, தப்புதான்க்கா"ன்னு வரணும் அவ வாயில இருந்து. அம்புட்டுத்தான் கேட்டேன். அதிகமா ஒண்ணும் கேக்கல.

அதனால அடுத்த வாரமும் சொன்னேன். அதுக்கடுத்த வாரமும் சொன்னேன். திட்டல, சண்டை போடல, நல்லவிதமாத்தான். மடியில படுக்க வச்சு, தலையக் கோதிக்கிட்டே சொல்லுவேன். "யோசிச்சுப் பாருடி. நிலைக்கு வலது பக்கம் நின்ன. தட்ட இந்தக் கையில வச்சிருந்த. நான் வந்தேன்ல?" கண்ண மூடி யோசிப்பா. நெத்தியெல்லாம் சுருங்கும். வரலக்காம்பா. வரும்டி, வரும்னு சொல்லுவேன். பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குற மாதிரிதான். எங்க அம்மா செத்தப்புறம் அவளுக்கு வாய்ப்பாடும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

ஆவணியில ஒரு நாள், நான் கேட்டுக்குள்ள நுழையுறேன், ஓடி வந்து காலப் பிடிச்சுட்டா. "ஞாபகம் வந்துருச்சுக்கா! நான்தான் நின்னேன். நீ விளக்கோட வந்த, நீலச் சுங்குடி கட்டியிருந்த. நான் வேணும்னேதான் திரும்புனேன். இவ என்ன பெரிய சீரு கொண்டாந்துட்டான்னு நினைச்சேன்க்கா. நான் பாவி. செஞ்சேன்க்கா, செஞ்சேன்!"

நீலச் சுங்குடி அன்னைக்குக் கட்டுனதில்ல. அது இந்தச் சித்திரைக் கல்யாணத்துக்குச் சின்னாளபட்டியில எடுத்தது. போகட்டும், சேலையா முக்கியம்? செஞ்சேன்னு சொல்லிட்டால்ல. அன்னைக்குத் திரும்பி வர்றப்ப இதே பஸ்ஸுல, கொடை ரோடு தாண்டல, அப்படி ஒரு தூக்கம் தூங்குனேன் பாரு. கண்டக்டர் வந்து தட்டி எழுப்புனான்.

வாடிப்பட்டி வந்துருச்சா? இன்னும் இல்லையா. சரி.

அதுக்கப்புறம்தான் அவ ஒரு மாதிரியா ஆனா. முதல்ல எனக்குத் தப்பாத் தெரியல. யாரு வந்தாலும் வாசலுக்கு ஓடிப் போயி வாங்க வாங்கங்கிறா. நல்ல பழக்கம்தானேன்னு நினைச்சேன். அப்புறம் விடிஞ்சதும் கேட்டுக்கிட்ட போயி நிக்க ஆரம்பிச்சா. பால்காரன வாங்கங்கிறா, கேஸ் போடுறவன வாங்கங்கிறா, ரோட்டுல சும்மா போறவன வாங்கங்கிறா. சோறு தண்ணி இல்லாம நிக்கிறாளாம். உள்ள வாடின்னா, "யாரையாவது கேக்காம விட்டுட்டா அவுங்களும் ஏழெட்டு வருசம் வராமப் போயிருவாங்க"ங்கிறாளாம். சொந்தக்காரங்க ஒருத்தர் விடாமப் போன் போட்டு, உங்கள எப்பவாச்சும் வான்னு கேக்காம இருந்தேனா, மன்னிச்சிருங்கன்னு அழுகையாம். தூக்கம் போச்சு. மறுபடி மாத்திரையக் கூட்டி, மறுபடி ஆஸ்பத்திரி.

கதிரேசன் எனக்குப் போன் போட்டான். அவன் குரல் உசந்து நான் கேட்டதில்ல. "என்ன சொல்லிக் குடுத்தீங்க மதினி அவளுக்கு?"ன்னான். நடந்ததச் சொன்னேன்னு சொன்னேன்.

"எது நடந்துச்சு? அன்னைக்கு அவ வாசல்லயே நிக்கல மதினி! காலையில ஹோமத்துல கொஞ்ச நேரம் உக்கார வச்சோம், அதுக்கே உடம்பு நடுங்கிருச்சு. மாத்திரையக் குடுத்து உள் ரூம்புல படுக்க வச்சிட்டோம். மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. வெளிய சொன்னா அசிங்கம்னு, கேட்டவங்ககிட்ட எல்லாம் அடுப்படியில இருக்கான்னு சொன்னோம். வாசல்ல தட்டு வச்சிருந்தது என் தங்கச்சி ரேணுகா. தட்டுல சந்தனம் தீந்து போச்சுன்னு உள்ள போனா. அவ உங்களக் கவனிக்கக்கூட இல்ல!"

எப்படி இருக்கு கதை? பொண்டாட்டிய விட்டுக் குடுப்பானா எவனாவது? ரேணுகாவாம். என் தங்கச்சி முதுகு எனக்குத் தெரியாதா தாயி? எத்தனை வருசம் தேச்சு விட்ட முதுகு! சரி, ரேணுகாவும் அதே உசரம்தான். அதே பட்டுதான் கட்டியிருந்தா, நான் இல்லங்கல. அதுக்காக? எனக்குக் கண்ணு தெரியாதுங்கிறானா? அப்புறம் ஒண்ணு கேக்குறேன், அவளே ஒத்துக்கிட்டாள்ல? "நான்தான் நின்னேன்"னு அவ வாயாலயே சொன்னாள்ல? நிக்காதவளுக்கு எப்படி நின்ன ஞாபகம் வரும்? இதையும் கேட்டேன் அவன்கிட்ட.

அதுக்கு அவன் சொன்னான், "நானும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன் மதினி, நீ நிக்கலடின்னு. நம்ப மாட்டேங்கிறா. எங்க அக்கா பொய் சொல்லாதுங்கிறா."

போன வச்சிட்டான்.

அன்னையிலிருந்து எனக்குப் பழையபடி தூக்கம் போச்சு. கண்ண மூடுனா அதே வாசல்தான், ஆனா இப்ப அந்த முதுகு திரும்ப மாட்டேங்குது. எம்புட்டு நினைச்சாலும் முகம் தெரிய மாட்டேங்குது. அவன் சொன்ன பேச்சுல எனக்கு மண்டை குழம்பிப் போச்சு, வேற ஒண்ணுமில்ல. அவதான் அது. அவதான்.

வராதீங்கன்னு தாக்கல் சொல்லி விட்டான். கூடப் பிறந்தவளப் பாக்க வராதேன்னு சொல்ல இவன் யாரு? ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குக் கூட்டியாந்துட்டாய்ங்கன்னு கேள்விப்பட்டு, இன்னைக்குச் சீயம் சுட்டு எடுத்துக்கிட்டுக் கிளம்பி வந்தேன். இந்தத் தூக்குல இருக்கு பாரு. சூடு ஆறிப் போச்சு. நீ எடுத்துக்கிறியா ஒண்ணு? வேணாமா, சரி.

கேட்டப் பூட்டி வச்சிருந்தாய்ங்க. கதிரேசன் உள்பக்கம் வந்து நின்னான். தாடி வளத்து, பாதியா இளைச்சுப் போயி, ஆளே அடையாளம் தெரியல. எப்பவும் வாங்க மதினின்னு சொல்ற மனுசன். வாயத் திறக்கல. நானும் நிக்கிறேன், அவனும் நிக்கிறான். எதிர்வீட்டுக்காரி மாடியில துணி காயப்போடுற மாதிரி நின்னு வேடிக்கை பாக்குறா. தூக்க நீட்டுனேன், அவளுக்குச் சீயம்னேன். வாங்கல.

"போங்க மதினி"ன்னான்.

போயிட்டு வாங்கன்னு சொல்லல தாயி. போங்கன்னான். எழவு வீட்டுல கூட அப்படிச் சொல்ல மாட்டாய்ங்க.

என் குரல் உள்ள கேட்டுருச்சு போல. அந்த உள் ரூம்பு சன்னல்ல இருந்து சத்தம் வந்துச்சு. "அக்கா! வாக்கா! உள்ள வாக்கா!" கதவத் தட்டுறா. வெளியத் தாப்பாப் போட்டிருக்காய்ங்க போல. "நான் கேக்குறேன்க்கா, வாக்கா! இந்தா கேட்டுட்டேன்க்கா, வாக்கா! வா! வா!" தொண்டை கிழியக் கத்துறா. கதிரேசன் கம்பியப் பிடிச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு நிக்கிறான். அழுகுறானா என்னான்னு எனக்குத் தெரியல. நான் அவன் முகத்தப் பாக்கல.

ஏழெட்டு வருசமா எந்த ஒத்த எழுத்துக்கு ஏங்குனேனோ, அதத்தான் சொல்றா. ஒரு தடவை சொல்லியிருந்தாப் போதும் எனக்கு. அவ நிறுத்தவே இல்ல. நான் நடக்க ஆரம்பிச்சேன். தெருமுக்குத் திரும்புற வரைக்கும் கேட்டுச்சு. திரும்புன பெறகும் கேட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுல அத்தனை ஹாரன் சத்தத்துலயும் கேட்டுச்சு.

அதான் தாயி, நீ வாங்கன்னதும் உக்காராம நின்னுட்டேன்.